தனியே ஒருவர் இருக்கும் ஓவியத்தைச் சொல்லில் கொண்டுவருவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பார்வையில்லாதவர்கள் ஸ்க்ரீன் ரீடரில் (திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருள்) கேட்பதற்காக ஓவியங்களைத் தமிழில் வர்ணித்துக் கொடுப்பது சில வருடங்களாக என் வேலைகளில் ஒன்று. கூட்டம் நிறைந்த படங்களை எழுதுவதுதான் கஷ்டம் என்று பலரும் நினைக்கிறார்கள். சந்தையும் கல்யாணமும் எழுத எழுத வந்துகொண்டே இருக்கும். ஒரே ஒரு ஆள், கொஞ்சம் இருட்டு, வேறொன்றும் இல்லை என்கிற படத்தின் முன்னால்தான் கை நின்றுவிடும். புதிதாக எழுத வருகிறவர்கள் அப்படிப்பட்ட படங்களைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை.

“சோகமான பெண்” என்று எழுதினால் என்ன தப்பு?

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். டென்மார்க் ஓவியர் வில்ஹெல்ம் ஹாமர்ஷோய் 1904 வாக்கில் வரைந்த படம் ஒன்று. கறுப்பு உடுப்பில் ஒரு பெண் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். இடுப்போடு ஒரு தட்டை அணைத்திருக்கிறார். பக்கத்தில் ஒரு பீங்கான் பாத்திரம், எதிரே சாம்பல் நிறச் சுவர். “சாம்பல் நிற அறையில் சோகமாக நிற்கும் பெண், முகம் தெரியவில்லை” என்று எழுதி அனுப்பினேன். பிறவியிலேயே பார்வையில்லாத நண்பர் ஒருவர் கேட்டுவிட்டு, “முகம் தெரியலைன்னு நீயே சொல்றே. அப்புறம் சோகம்னு எப்படித் தெரிஞ்சுது?” என்றார்.

என்னிடம் பதில் இல்லை. மறுபடியும் படத்தைப் பார்த்தேன். உடுப்பின் கறுப்புக்கு மேலே பின்கழுத்து மட்டும் வெளுப்பாகத் தெரிகிறது. தலை லேசாகச் சாய்ந்திருக்கிறது. சுவரில் கண்ணை இழுக்கும் எதுவும் இல்லை. இவையெல்லாம் சேர்ந்து எனக்குள் ஏதோ செய்திருக்கின்றன; நான் இவற்றை என்னிடமே வைத்துக்கொண்டு முடிவை மட்டும் அவருக்குக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பெண் தட்டோடு சமையலறைக்குப் போகும் வழியில் ஒரு நொடி நின்றவராகவும் இருக்கலாம். கழுத்தையும் சுவரையும் எழுதினால் கேட்பவர் தானே ஒரு முடிவுக்கு வருவார், அது என் முடிவாக இல்லாமலும் போகலாம். “சோகம்” என்று எழுதியதும் அந்த வழி அடைபடுகிறது.

இந்தப் பக்கத்தில் மற்ற எல்லாப் பதில்களும் ஏறக்குறைய இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

எதிலிருந்து தொடங்குவது?

ஆள் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறார், படச்சட்டத்துக்குள் எங்கே நிற்கிறார் என்பதிலிருந்து. முகம், உடுப்பு எல்லாம் அப்புறம்.

ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக் 1808 முதல் 1810 வரை வரைந்த ‘கடலோரத் துறவி’யை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது பெர்லினில் இருக்கிறது. 110 செ.மீ. உயரம், 171.5 செ.மீ. அகலம். இவ்வளவு பெரிய துணியில் துறவி ஒரு விரலளவுதான் இருக்கிறார். கீழே வெளிறிய மணல், அதன் மேல் கறுத்த கடல் ஒரு பட்டையாக, மீதி முழுவதும் வானம். இந்த அளவுகளைச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

இல்லாததையும் சொல்ல வேண்டும். நிலக்காட்சி வரைகிறவர்கள் வழக்கமாக ஓரத்தில் ஒரு மரத்தையோ பாறையையோ நிறுத்துவார்கள். பார்க்கிறவரின் கண் சாய்ந்துகொள்ள ஒரு தூண் போல. இதில் அது கிடையாது. ஃப்ரீட்ரிக் முதலில் கடலில் கப்பல்களும் வரைந்திருந்தார், பிறகு அவற்றை மறைத்துவிட்டார் என்று அகச்சிவப்புக் கதிர்ச் சோதனையில் தெரியவந்தது. 1810இல் இதைக் கண்ட எழுத்தாளர் ஹைன்ரிக் ஃபோன் க்ளைஸ்ட், பார்ப்பவரின் கண்ணிமைகளை அறுத்தெடுத்துவிட்டது போல இருக்கிறது என்ற பொருளில் எழுதினார். கண்ணை மூடித் தப்பிக்கக்கூட இடமில்லை என்கிறார். ஓவியர் யோசித்து எடுத்துவிட்ட கப்பலை, வர்ணிப்பவர் “கடலில் ஒரு படகுகூட இல்லை” என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். அந்த வரி மிகையல்ல.

முகமே தெரியாத படத்தில் ஆளைப் பற்றி என்ன எழுதுவது?

முதுகு நிறையப் பேசும். ஃப்ரீட்ரிக்கே 1818 வாக்கில் வரைந்த ‘மூடுபனிக் கடலுக்கு மேலே அலைந்து திரிபவன்’ படத்தில் ஒருவர் கைத்தடியோடு பாறை மேல் நிற்கிறார், காற்றில் முடி கலைந்திருக்கிறது. அவருக்குப் பின்னால் நின்று அவர் பார்ப்பதை நாமும் பார்க்கிறோம். ஹாமர்ஷோயின் பெண்ணும் முதுகுதான் காட்டுகிறார். ஆனால் அவர் எதிரே இருப்பது சுவர், நாம் சேர்ந்து பார்க்க அங்கே ஒன்றுமில்லை. “முதுகு காட்டி நிற்கிறார்” என்று இரண்டுக்கும் எழுதி நிறுத்திவிட்டால் இரண்டும் ஒரே படமாகிவிடும். முதுகுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்.

வெளிச்சத்தை எப்படி எழுதுவது? எனக்கு “மங்கலான ஒளி” தவிர வேறு வருவதில்லை.

மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் போதும். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? எதன் மேல் விழுகிறது? எங்கே போய்ச் சேரவில்லை?

அமெரிக்க ஓவியர் எட்வர்ட் ஹாப்பரின் ‘ஆட்டோமாட்’, 1927. ஆட்டோமாட் என்பது காசு போட்டால் சிறு கதவு திறந்து சாப்பாடு கிடைக்கும் உணவகம். பரிமாற ஆள் வரமாட்டார். இரவு. வட்ட மேசையில் ஒரு பெண் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருக்கிறார். பச்சைக் கோட்டு, காதுவரை இறங்கிய தொப்பி. ஒரு கையில் கையுறை இருக்கிறது, கோப்பையைப் பிடித்த கை வெறுங்கை. எதிரே காலி நாற்காலி.

இந்தப் படத்தில் வெளிச்சத்துக்குக் குறையே இல்லை. கூரை விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன, மேசையின் மேற்பரப்பும் மேசைக்குக் கீழே அவர் கால்களும் வெள்ளையாகத் தெரிகின்றன. “மங்கலான ஒளி” என்று எழுதினால் பொய்யாகிவிடும். இருட்டு இருப்பது அவருக்குப் பின்னால், பெரிய கண்ணாடிச் சன்னலில். வெளியே ஒரு தெரு இருக்க வேண்டும். தெருவும் இல்லை, வண்டியும் இல்லை, எதிர்க்கடையும் இல்லை. உள்ளே எரியும் விளக்குகளின் பிரதிபலிப்பு மட்டும் இரண்டு வரிசையாகக் கறுப்புக்குள் போய்க்கொண்டே இருக்கிறது. அந்தப் பெண்ணின் பிம்பம்கூடக் கண்ணாடியில் விழவில்லை. இதை நான் கவனிக்கவே ரொம்ப நாள் ஆயிற்று. கவனித்த பிறகு வேறு எதையும் எழுதத் தோன்றவில்லை.

சொற்களுக்குப் பஞ்சமில்லை. கருக்கல், அந்தி, அரையிருட்டு, மூட்டம், விடிவெள்ளி நேரம், விளக்கு வைக்கிற நேரம், மழைக்கு முந்தைய இருட்டு. ஒவ்வொன்றும் ஒரு பொழுதையும் ஒரு வெளிச்சத்தையும் சேர்த்தே சொல்கிறது. “விளக்கு வைக்கிற நேரம்” என்றதும் வீட்டுக்குள் எவ்வளவு இருட்டு என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டு நார்வே கடற்கரைக்கு அந்தச் சொல்லைப் போட எனக்குக் கொஞ்சம் தயக்கம். அங்கே கோடையில் அந்தி மணிக்கணக்கில் நீளும், விளக்கு வைக்கும் நேரம் நம்முடையது போல் சட்டென்று வருவதில்லை. அந்த மாதிரி இடத்தில் “வெகுநேரம் நீளும் அந்தி” என்று உடைத்து எழுதிவிடுவேன்.

நிறங்களுக்குத் தமிழில் சொல் போதவில்லையே?

புடவைக் கடைக்குப் போய் ஒரு மணி நேரம் நில்லுங்கள். மயில்கழுத்து, அரக்கு, வெங்காயத் தோல், வாடாமல்லி, காப்பிப்பொடி, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, யானைக் கறுப்பு. கவுன்டரில் நிற்கும் எந்த அம்மாவுக்கும் இவை தெரியும். எழுதுகிறவர்கள்தான் “இளஞ்சிவப்பு”, “அடர்நீலம்” என்று பள்ளிக்கூட வண்ணப்பெட்டிக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறோம்.

பிறவியிலிருந்து பார்வையில்லாதவர்களுக்கு நிறம் எழுதி என்ன பயன் என்றும் கேட்கிறார்கள். நிறையப் பேர் இடையில் பார்வை இழந்தவர்கள், அவர்களுக்கு நிறம் நினைவில் இருக்கிறது. பார்த்தே இராதவர்களுக்கும் அரக்குப் புடவையை யார் எப்போது கட்டுவார்கள் என்று தெரியும். அந்தச் சொல்லோடு வருகிற வாழ்க்கை அவர்களுக்குப் புதிதல்ல.

“தனிமை” என்ற சொல்லைப் போடலாமா?

ஜாக்கிரதையாக. யாரும் கூட இல்லை என்கிற வெறும் நிலைமைக்கும், யாரும் இல்லையே என்கிற வலிக்கும் தமிழில் இந்த ஒரே சொல்தான் புழக்கத்தில் இருக்கிறது. “தனிமையில் அமர்ந்திருக்கிறார்” என்று எழுதும்போது நீங்கள் முதலாவதை நினைத்திருப்பீர்கள், கேட்பவருக்கு இரண்டாவதுதான் போய்ச் சேரும். நிலைமையை மட்டும் சொல்ல “தனியே”, “ஒற்றை ஆளாக” போதும். அந்த நிலை அவருக்குப் பிடித்திருக்கிறது என்று படமே காட்டினால் “ஏகாந்தம்” இருக்கிறது. இடத்தைச் சொல்ல “ஆளரவமில்லாத” என்ற அருமையான சொல் இருக்கிறது. ஆளின் மனத்தில் கைவைக்காமல் இடத்தை மட்டும் காலி செய்துவிடும். “தன்னந்தனியே” என்று எழுதினால் இரக்கம் ஒட்டிக்கொண்டு வரும். வேண்டும் என்றால் தெரிந்தே போடுங்கள்.

ஓவியப் பாணியின் பெயரைச் சொல்ல வேண்டுமா? ரொமான்டிசிசம், எக்ஸ்பிரஷனிசம் என்றெல்லாம்?

ஒரு தடவை, கடைசியில், வேண்டுமானால். பெயர் தெரிந்தவருக்கு அது உதவும். தெரியாதவருக்கு அது ஒரு சத்தம், அவ்வளவுதான். அதற்குப் பதிலாக, கை என்ன செய்திருக்கிறது என்று சொல்லலாம். மனநிலை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. இதை மூன்று படங்களை வைத்து விளக்குகிறேன், கொஞ்சம் நீளும்.

முதலாவது ஜப்பானிய மரஅச்சு. காவாசே ஹாசுய் 1925இல் செய்த ‘ஷிபாவின் ஸோஜோஜி’. டோக்கியோவில் ஒரு பெரிய கோயிலின் சிவப்பு வாயில், அதன் முன் கனத்த பனிப்பொழிவு, காற்றுக்கு எதிராகக் குடையைச் சாய்த்துக்கொண்டு ஒரு பெண் நடக்கிறார். குடை, பனி, சிவப்பு என்று மட்டும் எழுதினால் வாழ்த்து அட்டை மாதிரி ஆகிவிடும். இது ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாகச் செதுக்கிய பலகைகளிலிருந்து, ஒன்றின் மேல் ஒன்றாகக் கையால் எடுத்த அச்சு. வரைந்தவர் ஒருவர், செதுக்கியவர் ஒருவர், அச்சிட்டவர் ஒருவர். பலகையில் மையை ஈரத்தோடு இழுத்து, அடர்த்தியிலிருந்து ஒன்றுமில்லாமை வரை மெல்லக் கரையவிடுவதை ‘போகாஷி’ என்கிறார்கள். ஹாசுயின் வானங்களும் நீர்ப்பரப்புகளும் பெரும்பாலும் இப்படிக் கரைபவை. ஆளின் விளிம்போ கத்தியால் வெட்டியது போலத் தெளிவாக இருக்கும். கரையும் பின்னணி, கரையாத ஆள். இந்த எதிரெதிர்தான் நமக்குள் வேலை செய்கிறது. இதைச் சொன்னபின் “ஷின்-ஹங்கா” என்ற பாணிப் பெயரையும் சேர்த்தால் அது எங்கேயாவது போய் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாவது, தெற்கு சோங் அரச வம்சக் காலச் சீன ஓவியர் மா யுவானுடையது என்று சொல்லப்படும் பட்டு ஓவியம், இப்போது டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிறு படகில் ஒரு மீனவர் தூண்டிலோடு குனிந்து உட்கார்ந்திருக்கிறார். படகைச் சுற்றி நாலைந்து மெல்லிய கோடுகள், அவைதான் அலை. மற்றபடி பட்டுத் துணி வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. கரை இல்லை, மலை இல்லை, வானத்துக்கும் நீருக்கும் நடுவே கோடு இல்லை. ஃப்ரீட்ரிக் வானத்தை அடுக்கடுக்காகப் பூசிப் பூசி உண்டாக்கியதை இவர் தொடாமலேயே விட்டு உண்டாக்கியிருக்கிறார். “பின்னணியில் ஒன்றும் இல்லை” என்ற ஒரே வரி இரண்டுக்கும் பொருந்தும் போலத் தோன்றும். பூசப்பட்ட ஒன்றுமில்லாமையும் விடப்பட்ட ஒன்றுமில்லாமையும் வேறு வேறு.

மூன்றாவது, அமெரிக்க ஓவியர் ஆண்ட்ரூ வையத்தின் ‘கிறிஸ்டினாவின் உலகம்’, 1948. மேட்டில் தூரத்தில் ஒரு வீடு, புல்வெளியில் தரையில் கிடந்தபடி அதை நோக்கித் திரும்பியிருக்கும் ஒரு பெண், வெளுத்த ரோஜா நிற உடுப்பு. முட்டை மஞ்சள் கருவில் நிறத்தூளைக் குழைத்துச் செய்யும் டெம்பராவில் வரைந்தது. டெம்பரா சீக்கிரம் காய்ந்துவிடும், எண்ணெய் வண்ணம் போலத் தேய்த்துக் கலக்க முடியாது, மெல்லிய கோடு கோடாகத்தான் இழுக்க வேண்டும். அதனால் அந்த வெளியில் புல் ஒவ்வொரு இழையாகத் தெரிகிறது. அந்தப் பெண்ணுக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை இழை இழையாக எண்ண வேண்டியிருக்கிறது. பாணியைப் பற்றி எழுத நினைத்தால் எழுத வேண்டியது இதைத்தான்.

அதே கிறிஸ்டினா: அவருக்கு நடக்க முடியாது என்பதைச் சொல்ல வேண்டுமா, மறைக்க வேண்டுமா?

மறைக்க வேண்டாம், பின்னால் சொல்லுங்கள். அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் வையத்தின் பக்கத்து வீட்டுக்காரர் கிறிஸ்டினா ஆல்சன். கால்கள் செயலிழந்தவர், தவழ்ந்தே தன் நிலத்தில் நடமாடியவர். அப்போது அவருக்கு 55 வயது. படத்திலிருக்கும் உடலுக்கோ வையத்தின் இளம் மனைவி மாடலாக இருந்தார். இதை முதல் வரியிலேயே சொன்னால் கேட்பவர் படத்தை விட்டுவிட்டு நோயைப் பிடித்துக்கொள்வார். முதலில் ஊன்றிய கைகள், முறுகிய மெலிந்த முழங்கை, தூரத்து வீடு. பிறகு இந்தத் தகவல். படம் பார்ப்பவருக்கும் அந்த வரிசையில்தான் தெரியவரும்.

பின்கதையே வேண்டாம் என்ற கட்சியும் உண்டு. ஜேம்ஸ் விஸ்லர் 1871இல் தன் அம்மாவை வரைந்துவிட்டு அதற்கு ‘சாம்பலும் கறுப்பும் கொண்ட ஒழுங்கமைப்பு, எண் 1’ என்று பெயர் வைத்தார். அது என் அம்மா என்பது எனக்கு முக்கியம், பார்ப்பவர்களுக்கு அதில் என்ன அக்கறை என்பது அவர் வாதம். உலகம் கேட்கவில்லை, “விஸ்லரின் அம்மா” என்றே இன்றுவரை சொல்கிறது. எனக்கு உலகத்தின் மேல்தான் அனுதாபம். ஆனாலும் வர்ணனையில் சாம்பலையும் கறுப்பையும் முதலில் எழுதிவிட்டுத்தான் அம்மாவுக்கு வருகிறேன்.

சங்கத் திணைகள் இதற்கு உதவுமா?

பழக்கமாக உதவும், லேபிளாக உதவாது. முல்லை என்றால் காட்டு நிலம், கார்காலம், மாலை, காத்திருத்தல். பாலை என்றால் வேனில், நண்பகல், பிரிவு. நெய்தல் என்றால் கடற்கரை, இரங்கல். நிலத்தையும் பொழுதையும் சொன்னால் மனம் தானே வரும் என்று தொல்காப்பியக் காலத்திலேயே நம் ஆட்கள் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கைக் கற்றுக்கொள்ளலாம். ஃப்ரீட்ரிக்கின் துறவிக்குக் கீழே “நெய்தல் திணை” என்று எழுதிவிட்டுப் போவது மட்டும் வேண்டாம். பால்டிக் கடலோரத்துக்குத் தாழம்பூவைக் கொண்டுபோய் நட்ட மாதிரி இருக்கும்.

உவமை போடலாமா?

ஒரு படத்துக்கு ஒன்று. “சிலை போல” மட்டும் தயவுசெய்து வேண்டாம். ஓவியத்தில் எல்லோருமே அசையாமல்தான் இருக்கிறார்கள்.

செயற்கை நுண்ணறிவு படக் கருவிக்கு எழுதும்போதும் இதே முறையா?

திசை எதிர், வேலை ஒன்றே. “தனிமையில் வாடும் பெண், சோகமான சூழல்” என்று கொடுத்தால் பெரும்பாலும் சன்னல், மழைத்துளி, கன்னத்தில் கை என்று எல்லோருக்கும் தரும் அதே படம்தான் திரும்பி வரும். சராசரியைக் கேட்டால் சராசரிதான் கிடைக்கும். ஆளின் அளவு, வெளிச்சம் வரும் பக்கம், சட்டத்தில் எவ்வளவு இடம் வெறுமை, எந்த ஊடகம், விளிம்பு கரைகிறதா வெட்டுகிறதா என்று எழுதிப் பாருங்கள். உயிரோடிருக்கும் ஓவியர் ஒருவரின் பெயரைப் போட்டு அவர் பாணியைக் கேட்பதை நான் செய்வதில்லை. அவர் பிழைப்பு அது.

எத்தனை சொற்கள் இருக்கலாம்?

படத்தோடு இணைக்கும் சிறு மாற்று உரைக்கு 20, 25 சொற்கள். விரிவான வர்ணனைக்கு நான் 100ஐத் தாண்டுவது அபூர்வம். காதால் கேட்பவர் வரியைத் தாண்டிக் கண்ணை ஓட்ட முடியாது என்பதை நினைவில் வையுங்கள்.

ஒரு முழு மாதிரி தர முடியுமா?

பிக்காசோ பார்சிலோனாவில் 1903 கடைசியிலும் 1904 தொடக்கத்திலும் வரைந்த ‘வயதான கிட்டார்காரர்’. நான் கடைசியாகத் திருத்திய வடிவம் இது:

“மார்பளவு உயரமுள்ள, நிமிர்ந்த பலகை. நரைத்த தாடியுள்ள ஒரு கிழவர் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். சட்டம் அவருக்குப் போதவில்லை. தலையை நிமிர்த்தினால் இடிக்கும் போல, கழுத்து மடிந்து முகம் தோளுக்குக் கீழே தொங்குகிறது. கண்கள் மூடியிருக்கின்றன. கைகால்கள் நீண்டு, எலும்பு தெரிகின்றன. கிழிந்த உடுப்புக்கு வெளியே ஒரு தோள். தோல், துணி, சுவர் எல்லாமே ஒரே நீலம், விடிவதற்கு முன்பு வீட்டுச் சுவரில் இருக்கும் நீலம். கிட்டார் மட்டும் பழுப்பு. அதன் வயிற்றுக்குக் குறுக்கே ஒரு கை கிடக்கிறது. வாசிக்கிறாரா, வாசித்து முடித்துவிட்டாரா என்று தெரியவில்லை.”